விட்டுப்போன அத்தியாயங்கள்

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் 43 குற்றச்சாட்டுகளை எண் போட்டு எழுதிவைத்திருக்கிறேன். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலைப் பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்று படங்களாக்கி வெளியிட்டார். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வந்து, அன்றிரவே தூங்காமல் எழுதியவை இவை. முதல் குற்றச்சாட்டு, படத்தில் விட்டுவிட்ட ஒரு பாத்திரத்தைப் பற்றி: 'டாம் பாம்படில் எங்கே?'. அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஏழாவது, படத்தில் மழையைக் காட்டியதற்கு: 'ப்ரீ ஊரில் அன்று மழை இல்லை.' கடைசியை எழுதும்போது பேனாவை அழுத்திய வேகத்தில் தாளே கிழிந்திருக்கிறது.

சென்ற மாதம் வேறு எதையோ தேடப்போய் அந்த நோட்டு கையில் சிக்கியது. தேடியதை மறந்துவிட்டு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். எழுதியவன் மேல் கொஞ்சம் பாவமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. பாதிக்கு மேல் இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். சில வெறும் வீம்பு. ஆனால் அந்த முதல் குற்றச்சாட்டை, இரண்டு கோடு போட்ட அதை, வாபஸ் வாங்கவேண்டும் என்று தோன்றியது. படம் தப்பில்லை என்பதால் அல்ல.

நான் அந்த நாவலுக்குள் போன வழியே கோணல். பதினாறு வயதில் இரவலாகக் கிடைத்தது நடுத் தொகுதி மட்டும்தான். முதல் பக்கத்திலேயே ஒருவன் யாரையோ தேடிக் குன்றின் மேல் ஓடுகிறான். சற்று நேரத்தில் இன்னொருவன் அம்பு தைத்துச் சாகிறான். அவனைப் படகில் கிடத்தி ஆற்றில் விடுகிறார்கள். யார் இவர்கள், எதற்கு அழுகிறார்கள், ஒன்றும் தெரியாது. ஆனாலும் விடமுடியவில்லை. மூன்று தொகுதி என்பதே டோல்கீனின் திட்டம் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அவருக்கு அது ஆறு பாகங்கள் கொண்ட ஒரே நாவல். போருக்குப் பிறகு காகிதம் விற்ற விலையில் அவ்வளவு பெரிய புத்தகத்தை ஒன்றாகப் போடப் பதிப்பகம் துணியவில்லை. 1954-லும் 1955-லுமாக மூன்றாகப் பிரித்துப் போட்டார்கள். அந்த வியாபாரக் கணக்கின் தயவில்தான் நான் கதைக்குள் ஜன்னல் வழியாகக் குதித்தேன்.

முதல் தொகுதியும் மூன்றாவதும் கிடைக்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் நடுத் தொகுதியை நான்கு முறை படித்துவிட்டிருந்தேன். விட்ட இடங்களை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். எல்ஃப்கள் எப்படி இருப்பார்கள், ஹாபிட் என்ற குள்ள மனிதர்களின் வீட்டுக்கு எத்தனை கதவு, மந்திரவாதி காண்டால்ஃப் எங்கே விழுந்து எப்படித் திரும்பி வந்தார், எல்லாவற்றுக்கும் என்னிடம் சொந்தப் பதில் இருந்தது. பெயர்களுக்கும் சொந்த உச்சரிப்பு. பின்னிணைப்பில் ஆங்கில 'சி' எழுத்தை எப்போதும் 'க' என்றே உச்சரிக்கவேண்டும் என்று டோல்கீன் தெளிவாக எழுதியிருக்கிறார். பின்னிணைப்பை யார் படித்தார்கள்? கெலபோர்ன் என்ற எல்ஃப் தலைவனை ஆறு வருடம் செலபோர்ன் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தியேட்டரில் சரியான உச்சரிப்பைக் கேட்டபோது என் முதல் எண்ணம், 'பெயரைக்கூடத் தப்பாகச் சொல்கிறார்களே' என்பதுதான்.

இப்படிப்பட்ட ஆள்தான் முதல் படத்துக்குப் போனது. கூட வந்த நண்பன் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. அரைமணி நேரத்துக்குள் நான் அவன் காதில் ஏழெட்டு முறை "இது இப்படி இல்லை" என்று சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "நீ படம் பார்க்க வந்தியா, பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தியா?"

பேப்பர் திருத்தத்தான் போயிருந்தேன். அதை அன்று ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்காக எல்லாமே தப்பாகத் தெரிந்தது என்று அர்த்தமில்லை. ஹாபிட்களின் ஊரான ஷயர் திரையில் வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். வட்டக் கதவு, புல் மூடிய கூரை, கதவைத் தாண்டினால் வளைந்து போகும் நடை. நான் பார்த்து வைத்திருந்த ஷயர் அது இல்லை, என்னுடையது இன்னும் சரிவாக, இன்னும் இருட்டாக இருக்கும். ஆனால் அங்கே யாரோ ரொம்ப நாளாகக் குடியிருக்கிறார்கள் என்று நம்பமுடிந்தது. படப்பிடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே அங்கே செடிகொடிகளை நட்டு வளரவிட்டிருந்தார்கள் என்று பிறகு படித்தேன். டோல்கீன் நூல்களுக்குப் பல வருடமாக ஓவியம் வரைந்துகொண்டிருந்த ஆலன் லீ, ஜான் ஹோ இருவரையும் அழைத்துவந்து வடிவமைப்பில் உட்காரவைத்திருந்தார்கள். செடி வளரக் காத்திருந்தவர்கள் கதையில் மட்டும் ஏன் காத்திருக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாமல் போனது.

காத்திருப்பு என்று நான் சொல்வது அந்தப் பதினேழு வருடத்தை. புத்தகத்தில் கிழட்டு ஹாபிட் பில்போவின் பிறந்தநாள் விருந்து நடக்கும்போது அவர் வளர்த்த ஃப்ரோடோவுக்கு வயது 33. கதைக்கே மையமான அந்த மந்திர மோதிரம் அவன் கைக்கு வருகிறது. அப்புறம் ஒன்றும் நடப்பதில்லை. பதினேழு வருடம் அவன் ஊரில் சௌகரியமாக வாழ்கிறான். தனியாக மலைப்பக்கம் நடக்கிறான். அவனுக்கு வயதே ஏறவில்லை என்று ஊரார் பேசிக்கொள்கிறார்கள். ஐம்பதாவது வயதில்தான் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறான். படத்திலோ காண்டால்ஃப் குதிரையேறிப் போகிறார், ஏதோ ஓலைகளைப் புரட்டுகிறார், வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி ஓடிவருகிறார். சில வாரம் ஆகியிருக்கும் போலத் தெரிகிறது. ஃப்ரோடோவாக நடித்த எலைஜா வுட் அப்போது இருபதைக்கூடத் தொடவில்லை. பெரிய கண்கள், பயந்த முகம். எல்லோரும் அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று நமக்கே தோன்றும்.

என் பட்டியலில் இது நான்காவது. அன்று வெறும் கணக்குப் பிழையாகத்தான் எழுதியிருக்கிறேன்: '17 வருடத்தைக் காணோம்.' இப்போது நானே அந்த வயதை நெருங்கிக்கொண்டிருப்பதால் வேறு மாதிரி தெரிகிறது. வீடு வாசல் தேடி வாலிபத்தில் கிளம்புவது ஒன்று. எல்லாம் அமைந்து, நாற்காலி முதுகுக்குப் பழகி, எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழும் என்று தெரிந்த பிறகு கிளம்புவது வேறு. புத்தகத்து ஃப்ரோடோ இழப்பது அதை. படத்து ஃப்ரோடோவுக்கு இழக்க இன்னும் ஒன்றும் சேரவில்லை.

சரி, டாம் பாம்படிலுக்கு வருவோம். புத்தகம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஹாபிட்கள் நால்வரும் ஷயரை விட்டு வந்ததும் பழங்காட்டில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு கிழட்டு வில்லோ மரம் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. நீலக் கோட்டும் மஞ்சள் பூட்ஸும் போட்ட ஒருவர் பாடிக்கொண்டே வந்து மரத்தை அதட்டி விடுவிக்கிறார். அவர்தான் பாம்படில். அவர் யார், என்ன இனம், எத்தனை வயது, எதற்கும் நாவலில் நேரான பதில் கிடையாது. உலகத்தையே நடுங்கவைக்கும் மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுப் பார்க்கிறார். மற்றவர்கள் மறைந்துபோவார்கள், அவர் மறைவதில்லை. சுண்டிவிட்டு விளையாடித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். மூன்று அத்தியாயம். பிறகு கதையில் அவர் வருவதே இல்லை.

அவரை வைத்தால் கதை நகராது என்பது படக்குழு சொன்ன காரணம். விட்டவர்களில் ஜாக்சன் முதல் ஆளும் அல்ல. 1978-ல் ரால்ஃப் பக்‌ஷி எடுத்த கார்ட்டூன் படத்திலும் அவர் கிடையாது. 1981-ல் பிபிசி ஒலிபரப்பிய வானொலி நாடகத்திலும் கிடையாது. (அந்த வானொலி நாடகத்தில் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்த இயன் ஹோம்தான் ஜாக்சன் படத்தில் பில்போ. இருபது வருடத்தில் மருமகன் பெரியவராகிவிட்டார்.) ஆக, யார் கத்திரிக்கோலை எடுத்தாலும் முதல் வெட்டு அங்கேதான் விழுகிறது.

நண்பனிடம் நான் அன்று வாதாடியது நால்வரில் ஒருவனான மெர்ரியின் கத்தியை வைத்து. அந்த மூன்று அத்தியாயங்களில் கடைசியில், மூடுபனியில் வழிதவறி ஹாபிட்கள் ஒரு பழைய கல்லறை மேட்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள். பாம்படில் வந்து காப்பாற்றி, அங்கே புதைந்திருந்த கத்திகளை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்மார் நாட்டு அரசனோடு போரிட்டவர்கள் அடித்த கத்திகள் அவை. பிறகு ஆயிரம் பக்கத்தை நெருங்கும்போது, பெலென்னோர் போர்க்களத்தில், ரிங்வ்ரெய்த் என்ற பேய்களின் தலைவனின் முழங்காலுக்குப் பின்னால் மெர்ரி குத்துகிறான். அந்தத் தலைவன்தான் அந்த ஆங்மார் அரசன். வேறு எந்தக் கத்தியும், அதைவிட வலிய கையில் இருந்தாலும், அந்தக் காயத்தைச் செய்திருக்காது என்று நாவல் நின்று சொல்கிறது. எப்போதோ செத்துப்போன ஒரு கொல்லன் இது தெரிந்தால் சந்தோஷப்பட்டிருப்பான் என்று ஒரு வரி வேறு. படத்தில் வழித்துணையாக வரும் அரகோர்ன் ஒரு மூட்டையைப் பிரித்து, இந்தாருங்கள் என்று நாலு வாள்களைப் போடுகிறான். அவ்வளவுதான்.

நண்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படத்தில் குத்தினான், அவன் செத்தான். எனக்குப் புரிந்ததே" என்றான். அவனிடம் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

இரண்டாவது படத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. காரணம் ஃபாரமிர் என்ற படைத்தலைவன். நான் நடுத் தொகுதியிலிருந்து ஆரம்பித்தவன் என்று சொன்னேன் அல்லவா? என் முதல் நாயகன் அவன்தான். அரகோர்ன் எனக்கு யாரோ ஒரு வழிப்போக்கன். காண்டால்ஃப் செத்துப் பிழைத்தவர் என்ற அளவில்தான் தெரியும். ஃபாரமிரைத்தான் அவன் காட்டுக்குள் முதலில் வரும் இடத்திலிருந்து முழுசாகச் சந்தித்தேன். டோல்கீனுக்கும் அப்படித்தான் நேர்ந்திருக்கிறது. 1944-ல், விமானப்படையில் இருந்த மகன் கிறிஸ்டோஃபருக்கு எழுதிய கடிதத்தில், இவனை நான் படைக்கவில்லை, வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, தானாக இதிலியன் காட்டுக்குள் நடந்து வந்துவிட்டான் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்.

புத்தகத்தில், மோதிரம் ஃப்ரோடோவிடம் இருப்பது கூடப்போன சாம் வாய்தவறி உளறியதால் ஃபாரமிருக்குத் தெரிந்துவிடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் மோதிரம். சுற்றிலும் அவன் ஆட்கள். அண்ணன் போரோமிர் இதே மோதிரத்துக்கு ஆசைப்பட்டுத்தான் அழிந்தான். ஃபாரமிர் எழுந்து நிற்கிறான். ஒரு கணம் என்ன செய்வானோ என்று நமக்குப் பதறும். மறுபடி உட்கார்ந்து மெல்லச் சிரிக்கிறான். தெருவில் கிடந்தாலும் அதைக் குனிந்து எடுக்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தான். சொன்ன சொல்லில் நிற்கிறான். அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சண்டையில்லை, சாகசமில்லை. ஒரு மனிதன் உட்கார்ந்ததுதான் அங்கே நடந்த வீரம்.

படத்தில் அவன் மோதிரத்தை அப்பாவுக்குக் கொண்டுபோகலாம் என்று இருவரையும் இழுத்துக்கொண்டு ஒஸ்கிலியாத் நகரம் வரை போகிறான். நாவலில் அவர்கள் மிதிக்காத இடம் அது. அங்கே வைத்து, நியாயப்படி நாம் இங்கே வந்திருக்கவே கூடாது என்கிற மாதிரி சாம் பேசுவான். நான் தியேட்டரில் சத்தமாகவே "அதானே!" என்றேன். முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுதியவர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் பிறகு கேட்டேன். இரண்டு படம் முழுக்க மோதிரம் எப்பேர்ப்பட்டவரையும் வீழ்த்தும் என்று காட்டிவிட்டு, திடீரென்று ஒருவன் வந்து எனக்கு வேண்டாம் என்றால் மோதிரத்தின் பலமே போய்விடும் என்பது அவர்கள் வாதம். சினிமாவுக்கு அது சரிதான். மறுக்கமாட்டேன். படிக்கிறவனுக்கு அந்த இடத்தில் மூச்சுவிட ஓர் ஆள் தேவைப்பட்டான். பார்க்கிறவனுக்கு இன்னொரு ஆபத்து தேவைப்பட்டது. ஆனாலும் சரியான காரணத்துக்காகச் செய்த தவறு என்றே இன்றைக்கும் சொல்வேன்.

அதே படத்தில் ஹெல்ம்ஸ் டீப் போர். புத்தகத்தில் ஓர் அத்தியாயம். படத்தின் உச்சமே அதுதான். மழையில், இருட்டில், மாதக்கணக்கில் இரவுப் படப்பிடிப்பு நடத்தி எடுத்தது. பிரமாதமாக இருந்தது என்பதை அன்றே ஒப்புக்கொண்டேன், எரிச்சலோடு. வேடிக்கை என்னவென்றால், 1958-ல் வேறொருவர் எழுதிய திரைக்கதைச் சுருக்கம் டோல்கீனிடம் வந்தபோது, அதை வரிவரியாகக் கிழித்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் அவர் தந்த யோசனைகளில் ஒன்று: என்ட்களையும், அதாவது நடக்கும் மரங்களையும், இந்தப் போரையும் சேர்த்துக் காட்ட நேரமில்லை என்றால் போரைத் தூக்கிவிடுங்கள். பிற்பாடு ஒரு பெரிய போர் வரத்தான் போகிறது, போர்கள் ஒன்றுபோலவே இருக்கும், போட்டியில்லாவிட்டால் பெரிய போர் இன்னும் எடுப்பாக இருக்கும் என்கிறார். எழுதியவரே வெட்டச் சொன்னதை எடுத்தவர் மகுடமாக்கினார். அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இன்னொன்றும் உறைத்தது. வெட்டுவதில் அவருக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, திரிப்பதில்தான் இருந்தது. என் 43-ல் முக்கால்வாசி, வெட்டியதைப் பற்றி.

பட்டியலின் மேல் எனக்கே முதல் சந்தேகம் வந்தது இரண்டாவது படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது. ரோஹன் நாட்டு அரண்மனையில், வில்லன் க்ரீமா அரச குடும்பத்துப் பெண் எயோவினை மூலையில் மடக்கி, இரவின் கசந்த வேளைகளில் தனியாக இருட்டிடம் என்னவெல்லாம் பேசினாயோ என்பதுபோல ஒரு வசனம் பேசுவான். கேட்டதும் மயிர்க்கூச்செறிந்தது. இது எனக்குத் தெரிந்த வரி. ஆனால் க்ரீமா சொன்னதில்லையே? வீட்டுக்கு வந்து தேடினேன். மூன்றாம் தொகுதியில், போர் முடிந்து எயோவின் நோயில் கிடக்கும்போது, அவள் அண்ணனிடம் காண்டால்ஃப் சொல்வது. உன் தங்கை எத்தனை தனிமையில் இருந்தாள் என்று உனக்குத் தெரியாது என்று பரிவோடு சொன்ன வார்த்தையை எடுத்து, அவளையே குத்தும் விஷமாக வில்லன் வாயில் வைத்திருக்கிறார்கள். அவளைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான் என்று ஆகிவிடுகிறது. புத்தகத்தை மேய்ந்தவர்கள் செய்கிற வேலையா இது? பக்கம் பக்கமாக மனப்பாடம் ஆனவர்களால்தான் முடியும்.

அப்புறம் தேட ஆரம்பித்தால் நிறைய அகப்பட்டது. முற்றுகையிட்ட நகரத்தில் பயந்துபோன ஹாபிட் பிப்பினுக்கு, சாவு என்பது என்ன என்று காண்டால்ஃப் சொல்லும் அந்த வெண்கரை வர்ணனை, புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தில் ஃப்ரோடோ கப்பலில் போகும்போது காண்பது. அதற்கும் முன்னால் ஒரு கனவில் அதைக் கண்டிருப்பான், பாம்படில் வீட்டில் படுத்திருந்த இரவில். பாம்படிலைத் துரத்திவிட்டு அவர் வீட்டுக் கனவை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! நீட்டித்த பதிப்பில், பாம்படில் வில்லோ மரத்தை அதட்டும் வார்த்தைகளை ட்ரீபியர்டு என்ற என்ட் சொல்வார். திருட்டுப் பொருளை எல்லாம் வீட்டுக்குள்ளேயே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நோட்டில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். அதற்குத் தலைப்பு வைக்கவில்லை. குற்றச்சாட்டு என்று எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது படம். 201 நிமிடம், பரிந்துரைக்கப்பட்ட பதினொரு ஆஸ்கர்களையும் அள்ளியது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டே இரண்டுதான். முதலாவது, ரோஹன் குதிரைப்படை விடியலில் குன்றின் விளிம்பில் வந்து நிற்கும் காட்சி. புத்தகத்தில் அதற்குமுன் ஒரு சேவல் கூவும், யுத்தம் எதுவும் தெரியாமல், விடிந்ததற்காக மட்டும். சேவலைக் காணோம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன் (31). ஆனால் படத்தில் ஹார்டாங்கர் ஃபிடில் என்ற அந்த நார்வே வயலின் ஏறும்போது நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதை எழுதவில்லை. இசையமைத்த ஹோவர்ட் ஷோருக்கு நான் பட்ட கடன் அது.

இரண்டாவது, முடிவு. நண்பனும் அவனைப் போன்றவர்களும் அடித்த ஜோக், படம் ஐந்து முறை முடிகிறது என்பது. முடிந்தது என்று எழுந்தால் இன்னொரு காட்சி. எனக்கோ இருக்கவேண்டிய முடிவே இல்லை. நாவலில் எல்லாவற்றையும் வென்றுவிட்டு நால்வரும் ஊர் திரும்பினால், ஊர் நாசமாகிக் கிடக்கும். மரங்களை வெட்டிச் சாய்த்திருப்பார்கள். ஆலை புகை கக்கும். சுவருக்குச் சுவர் சட்டதிட்டம் எழுதி ஒட்டியிருக்கும். பின்னணியில் இருப்பது எல்லாம் இழந்துவிட்டு வந்த கெட்ட மந்திரவாதி சாருமான். இந்த முறை காண்டால்ஃப் உதவிக்கு வரமாட்டார்; தாங்களே ஊரை மீட்கவேண்டும். இது கதைக்கு இன்றியமையாத பகுதி, ஆரம்பத்திலிருந்தே மனதில் இருந்தது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் எழுதியிருக்கிறார். படத்தில் அவர்கள் திரும்பும்போது ஷயர் போன மாதிரியே பச்சையாக இருக்கிறது. மாறியது இவர்கள் மட்டும்தான் என்று காட்டுகிறார்கள். அழகான காட்சிதான். ஆனால் வேறு கதை.

2012-ல் கிறிஸ்டோஃபர் டோல்கீன் ஒரு பிரெஞ்சு நாளிதழுக்குப் பேட்டி கொடுத்து, புத்தகத்தின் குடலை உருவிவிட்டார்கள், இளவட்டங்களுக்கான சண்டைப் படமாக்கிவிட்டார்கள் என்றார். அப்போது நான் அதை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளோடு ஆயுளைக் கழித்தவர். அவருக்கு அதைச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. எனக்கு அத்தனை உரிமை உண்டா என்று அன்று யோசிக்கவில்லை.

உண்மையான இழப்பு பட்டியலிலேயே இல்லை என்பது நாலைந்து வருடம் கழித்து நாவலை மறுபடி எடுத்தபோதுதான் தெரிந்தது. முதல் அத்தியாயத்திலேயே பில்போவுக்கு இயன் ஹோமின் முகம். கதவைத் தட்டியது இயன் மெக்கெல்லன். என்னுடைய காண்டால்ஃப் வேறு ஆள். ஒல்லி, கூன், எரிந்து விழுகிறவர், கண்ணில் எப்போதும் கொஞ்சம் தூக்கம். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. சாமுக்கு நான் கொடுத்திருந்த முகம் எது என்றே நினைவில்லை. பதினாறு வயதில் எட்டு மாதம் உட்கார்ந்து நானே கட்டியது, மூன்று மாலைப்பொழுதில் போய்விட்டது. குற்றம் சொல்லவும் ஆள் இல்லை. நன்றாக நடித்துவிட்டார்கள். மோசமாக நடித்திருந்தால் என் முகங்கள் பிழைத்திருக்கும்.

'ஹாபிட்' நாவலை, இதில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாத அந்தச் சின்னப் புத்தகத்தை, 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. அலுப்புதான். அங்கே விட்டுவிட்டார்கள் என்று புகார் சொல்ல வழியில்லை. இல்லாததையும் சேர்த்து இட்டு நிரப்பிவிட்டார்கள்.

சென்ற மாதம் நோட்டை மூடிவைத்த கையோடு முதல் தொகுதியை எடுத்தேன். இப்போது மூன்றும் சொந்தப் பிரதி. விருந்து, மோதிரம், கிளம்பும் நாள். எல்லாம் வழக்கம்போல நடிகர்களோடு, வசனம்கூட அவர்கள் குரலில். ஆறாம் அத்தியாயம். வேலிக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை, மறுபக்கம் இரும்புக் கதவு, அது சாத்திக்கொள்ளும் சத்தம். பழங்காடு.

அங்கே யாரும் கேமராவை வைக்கவில்லை. மரங்கள் என்னுடையவை, நான் வைத்த இடத்தில், அதே கோணலில். நாலு பக்கம் போனதும் முன்னால் குதிரையில் போகிறவனின் முதுகைக் கவனித்தேன். கொஞ்சம் சதைப்பிடிப்பு. திரும்பினான். உருண்டை முகம், ஐம்பது வயது, வெயிலில் சிவந்த கன்னம். பெரிய கண்கள் இல்லை. எங்கே போயிருந்தான் இத்தனை நாளும்? பாம்படில் பாடிக்கொண்டே வந்தார், அவருக்கு முகம் இருந்ததோ இல்லையோ, எப்போதும் போலத் தொப்பியும் பூட்ஸும் குரலுமாகத்தான். 2024-ல் அவரை ஒரு தொடரில் கொண்டுவந்துவிட்டார்கள், நல்ல நடிகர் என்கிறார்கள். பார்க்கச் சொல்லி நண்பனே செய்தி அனுப்பினான்: "உன் ஆள் வந்துட்டாரு!" நான் பார்க்கவில்லை. 'எங்கே?' என்று கேட்டு இரண்டு கோடு போட்டவன்தான், இப்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மூன்று அத்தியாயத்தையும் மெதுவாகப் படித்தேன். ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம், அதற்கு மேல் இல்லை. கனவு வந்தது. மூடுபனி வந்தது. கத்திகளை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். பாம்படில் எல்லைவரை வந்து வழியனுப்பிவிட்டு, அதற்குமேல் தன் நாடு இல்லை என்று திரும்பிப் போய்விட்டார். கடைசியில் இன்னொரு அத்தியாயம் காத்திருக்கிறது என்பது நினைவிருந்தது, நாசமான ஊருக்குத் திரும்புகிற அது. அதற்கு இன்னும் எண்ணூறு பக்கம் போகவேண்டும்.

ஒன்பதாம் அத்தியாயம். நால்வரும் ப்ரீ ஊரை நெருங்குகிறார்கள். இருட்டிவிட்டது, வானத்தில் வெள்ளை நட்சத்திரங்கள் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. இரண்டு முறை படித்தேன். எனக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது.